லடாக்கின் சாங்தாங் பீடபூமி ஏன் இப்படி வறண்டு கிடக்கிறது?

சுற்றிலும் பனிமலை இருந்தும் சாங்தாங் ஏன் பாலைவனம் போல இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கியக் காரணம் இமயமலைதான். தெற்கிலிருந்து வரும் பருவமழை மேகங்கள் அந்தப் பக்கச் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுகின்றன, மலையைத் தாண்டி வரும் காற்றில் ஈரம் அவ்வளவாக மிஞ்சுவதில்லை.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது ஏரிகள். சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சோ காரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே வரும், வெளியேற வழியே கிடையாது. வெயிலும் காற்றும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, உப்பு மட்டும் தங்கி, கரையெல்லாம் வெள்ளை வெளேரென்று படிந்திருக்கும். 'வெள்ளை ஏரி' என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள். மேலே சரிவில் படிக்கட்டு போல வரிவரியாகக் கோடுகள் தெரியும், அவையெல்லாம் ஏரி ஒரு காலத்தில் நிரம்பி நின்ற மட்டங்கள். பக்கத்திலேயே இருக்கும் ஸ்டார்ட்சாபுக் சோ மட்டும் நல்ல தண்ணீர், ஏனென்றால் அது நிரம்பி சோ காருக்குள் வடிந்துவிடுகிறது.

அப்புறம், செடிகள். மரம் அபூர்வம், பல செடிகள் தரையோடு ஒட்டி, சின்ன மெத்தை போலக் குவிந்து வளரும், குளிர்காற்றிலிருந்து தப்ப அதுதான் வழி. அங்கே முளைக்கும் கொஞ்சப் புல்லை நம்பித்தான் சாங்பா மக்கள் பஷ்மினா ஆடுகளை ஓட்டிக்கொண்டு இடம் மாறி மாறிப் போகிறார்கள்.