கணக்கும் நிம்மதியும் – கடிதம்

வணக்கம் ஐயா,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் என் மகன் நாலாம் வகுப்பு, தமிழ் மீடியம். டியூஷன் மலையாளத்தில். கணக்கில் மட்டும் பத்துக்கு மூன்றுதான். நேற்று 402-இல் 178 போனால் 376 என்று எழுதினான். தினமும் இரவு நானே சொல்லித்தருகிறேன், கடைசியில் இருவரும் அழுகிறோம். சிறுவயதில் கணக்கு வராவிட்டால் பிற்கால வாழ்க்கை நன்றாக இருக்காது என்று ஆராய்ச்சியே இருக்கிறதாமே?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

பாதி உண்மை. பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த பதினேழாயிரம் பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். ஏழு வயதில் கணக்கும் வாசிப்பும் நன்றாக வந்தவர்கள் 42 வயதில் வேலை, வருமானம், வீடு மூன்றிலும் மேலே இருந்தார்கள். ஆனால் அது வசதி. மகிழ்ச்சியைத் தனியே பார்த்தது பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் லேயார்டு குழு. பிரிட்டனில் 1970-இல் பிறந்தவர்களை வைத்து 2014-இல் அவர்கள் கண்டது: பெரியவர்களான பிறகு வாழ்க்கையில் திருப்தி இருக்குமா என்பதைச் சிறுவயது மனநிலைதான் அதிகம் காட்டுகிறது. அடுத்தது நடத்தை. படிப்பு கடைசி.

ஆகவே எனக்குக் கவலை மதிப்பெண்ணில் இல்லை, அந்த இரவு அழுகையில்தான். கணக்கென்றால் பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடம் சொல்லித்தந்தால், பிள்ளைக்கும் பயம் ஒட்டி, அந்த வருடம் கற்பதும் குறைகிறது என்று 2015-இல் அமெரிக்காவில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்கும் அந்தப் பயம் உண்டென்றால் உட்காரும் நாட்களைக் குறையுங்கள்.

376 கவனக்குறைவு அல்ல. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான்: 8-இல் 2, 7-இல் 0, 4-இல் 1. அவன் பிடித்துக்கொண்ட விதி அது, திட்டினால் போகாது. நாலு நூறு ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கொடுத்து, 178 ரூபாய் தரச் சொல்லுங்கள். சில்லறை இல்லை என்பான். ஒரு நூறைப் பத்து பத்தாகவும், அதில் ஒரு பத்தை ஒரு ரூபாய்களாகவும் மாற்றட்டும். 3 நூறு, 9 பத்து, 12 நாணயம். கொடுத்தபின் மிஞ்சுவது 224. அதன்பிறகுதான் நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். பள்ளியில் ‘கழி’, டியூஷனில் ‘குறய்க்குக’ என்பதும் ஒன்றே என்று அவனுக்குத் தெரியுமா, கேட்டுப்பாருங்கள்.

அடுத்து 500-இல் 236. 336 என்றால் பழைய விதி இன்னும் போகவில்லை, மறுபடி சில்லறை. 274 என்றால் அது வேறு தவறு: நூறைப் பத்துகளாக மாற்றிவிட்டான், அதிலிருந்து ஒரு பத்து ஒன்றுகளுக்குப் போனதை மறந்துவிட்டான். அந்த ஒரு பத்து ரூபாய் நோட்டை அவனையே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், 264 வந்துவிடும்.