வரையாட்டுக்கு எந்தப் பாணி, வாழ்த்துக்கு எந்த எழுத்துரு?

கேள்வி: வரையாடு, மரகதப்புறா, பெரிய இருவாச்சி படங்களோடு பொங்கல் வாழ்த்து அட்டை அச்சிடப் போகிறோம். நீர்வண்ணமா, கோட்டோவியமா?
– இயற்கை மன்ற ஆசிரியை, கோத்தகிரி

பதில்: ஒவ்வோர் உயிரினத்தையும் எதை வைத்து அடையாளம் காண்கிறோம் என்று பாருங்கள். வரையாட்டுக்கு உருவம்தான் அடையாளம்: பின்னோக்கி வளைந்த கொம்பு, திரண்ட உடல். தாடி கிடையாது, வீட்டு ஆட்டைப் பார்த்து வரைபவர்கள் அதையும் ஒட்டிவிடுவார்கள்! அந்த மங்கிய பழுப்பை நீர்வண்ணத்தில் தீட்டினால் அச்சில் சேறாகிவிடும். லினோ வெட்டு (லினோலியப் பலகையைச் செதுக்கி மை பூசி அச்செடுக்கும் முறை) போன்ற தடித்த கோடு, கறுப்போடு இன்னொரு வண்ணம் போதும். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் செலவும் குறையும். வயதான கிடாவின் முதுகிலுள்ள வெளிறிய திட்டை வெறும் தாளாகவே விட்டுவிடலாம்.

மரகதப்புறாவுக்கு நிறம்தான் எல்லாம், நீர்வண்ணமே சரி. ஆனால் முழுப் பறவையையும் பச்சையாக்க வேண்டாம். இறக்கையும் மேல்முதுகும்தான் பச்சை. மார்பு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, அலகு சிவப்பு. திரையில் ஜொலிக்கும் பச்சை, நான்கு வண்ண அச்சில் மங்கும். அதனால் படக் கோப்பை முதலிலேயே அந்த நான்கு வண்ண முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிப் பாருங்கள். பின்னணி இலைகளைச் சருகு நிறத்துக்குக் கொண்டுபோனால் புறாவின் பச்சை எடுப்பாகத் தெரியும்.

இருவாச்சிக்குத் தட்டையான வண்ணங்கள் போதும். ஜோடியாக வரைந்தால் ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் வெள்ளை.

நீர்வண்ணத்தை அதே அளவில் அச்சிட 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். இரு மடங்கு பெரிதாக்குவதென்றால் 600. கறுப்புக் கோட்டோவியத்துக்கு 1200. அச்சான பிறகு ஓரத்தை வெட்டுவார்கள் என்பதால் நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வரையுங்கள்.

கேள்வி: 'பொங்கல் நல்வாழ்த்துகள்' என்பதைக் கரும்பச்சையில் வெள்ளை எழுத்தாகப் போட்டோம். சுழியெல்லாம் அடைத்துக்கொண்டது. எழுத்துரு தவறா?
– வாசகர், தென்காசி

பதில்: வெள்ளை எழுத்து என்பது மை படாத தாள். நான்கு வண்ணத்தில் ஒன்று இம்மி விலகினாலும் மெல்லிய இடத்தில் மை ஏறிவிடும். 'பொ'வின் ஒற்றைக்கொம்புச் சுழிதான் முதலில் அடைபடும். நோட்டோ செரிஃப் தமிழ் போலத் தடிப்பும் மெலிவும் மாறி வரும் எழுத்து, வெள்ளைத் தாளில் நீர்வண்ணத்துக்குப் பக்கத்தில் அழகு. இருண்ட பின்னணியில் வேண்டாம். அங்கே ஏறக்குறைய சீரான தடிமனுள்ள முக்தா மலர் எழுத்துருவை செமிபோல்டில் (நடுத்தரத் தடிப்பில்), 14 புள்ளி அளவுக்குக் குறையாமல் போடுங்கள். பூச்சில்லாத தாள் மையைப் பரப்பும். அதில் இன்னும் 2 புள்ளி கூட்டுங்கள். லினோ கோட்டுக்கு பாலூ தம்பி எழுத்துரு நல்ல ஜோடி. மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. விற்பனை அட்டைக்கும் கட்டணமில்லை.

கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் அது எழுத்துருவின் குற்றமல்ல. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மெனுவில் 'வேர்ல்டு-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். அச்சகத்துக்குப் போகும் பிரதியில் எழுத்தை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக) மாற்றுங்கள். அதில் பிழை திருத்த முடியாது என்பதால் மாற்றாத பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்.

கேள்வி: இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் விலங்குப் படங்களை நம்பலாமா?
– வாசகி, வால்பாறை

பதில்: சரிபார்த்து வாங்குங்கள். சிறுத்தை என்ற பெயரில் உள்ள படத்தில் வளையத்துக்குள் புள்ளி இருந்தால், அது பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்து ஜாகுவார். யானையின் காது தோளையே மறைத்தால் அது ஆப்பிரிக்க யானை. நம் யானைக்கு உச்சந்தலையில் இரண்டு மேடு, சிறிய காது. விற்கும் பொருளில் அச்சிடப் படத்தின் உரிமம் இடம் தருகிறதா என்பதையும் பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள்.