15 வயதுப் பிள்ளையைப் பொலிஸார் கூட்டிச் சென்றால் சிறுவர் நீதிமன்றத்தில் என்ன நடக்கும்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: திருகோணமலையில் அக்காவின் மகன், வயது 15. கைத்தொலைபேசித் திருட்டு ஒன்றில் அவனையும் அவனைவிடப் பெரிய இரண்டு பையன்களையும் பொலிஸார் கூட்டிச் சென்றிருக்கிறார்கள். தகப்பன் வெளிநாட்டில். சிறுவர் நீதிமன்றம் எப்படி இயங்கும், பிள்ளையை மறியலில் போடுவார்களா என்று கேட்கிறீர்கள்.

நான் சட்டத்தரணி அல்ல. கிழக்கு மாகாண நீதிமன்றங்களில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். இத்தகைய வழக்குகளின் வழக்கேடுகளை ஆண்டுக்கணக்காகக் கையாண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்கிறேன். சட்டத்தரணியைத் தேடி ஓடுகிற குடும்பங்கள் நன்னடத்தை உத்தியோகத்தரை மறந்துவிடுகின்றன. சிறுவர் வழக்கில் நீதவான் பிள்ளையை என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது அவருடைய மேசையில் இருப்பது அந்த உத்தியோகத்தரின் சமூக அறிக்கை, அதாவது பிள்ளையின் வீடு, பாடசாலை, அயல் பற்றி அவர் விசாரித்து எழுதுவது. வாதத் திறமைக்கு அங்கே இடம் குறைவு.

திருகோணமலையில் சிறுவர் நீதிமன்றம் என்று தனிக் கட்டடத்தைத் தேடாதீர்கள். நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக அமரும். சம்பவம் மூதூர்ப் பக்கம் என்றால் மூதூர், கந்தளாய்ப் பக்கம் என்றால் கந்தளாய் நீதவானிடம் போகும். 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம்தான் இன்னும் அடிப்படை. வழமையான வழக்குகள் நடக்கும் அறையிலோ நேரத்திலோ அல்லாமல் வேறாக விசாரிக்கவேண்டும் என்பது அதன் விதி. நடைமுறையில் பெரும்பாலும் நீதவானின் தனியறையில், பொதுமக்கள் இல்லாமல் எடுப்பார்கள். பழைய சட்டம் 16 வயதில் கோடு போட்டிருந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 18 ஆக்கியது. உங்கள் பிள்ளைக்கு எப்படிப் பார்த்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும்.

12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது எதுவும் குற்றமாகாது. 2018 வரை அந்த எல்லை 8 ஆகத்தான் இருந்தது. 12 இலிருந்து 14 வரை, செய்ததன் தன்மையை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி பிள்ளைக்கு இருந்ததா என்று நீதவான் பார்க்கவேண்டும். 15 வயதுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வயதுக்கு அத்தாட்சி பிறப்புப் பத்திரம் என்பதால் அதைத்தான் முதலில் எடுத்துவையுங்கள்.

இப்போது பொலிஸ் நிலையம். பிடியாணை இல்லாமல் கைது செய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவரவேண்டும். விடுமுறை நாள் என்றால் நீதவானின் வாசஸ்தலத்துக்குக் கூட்டிச் செல்வார்கள். உடனே கொண்டுபோக முடியாத நிலையில், குற்றம் கொலை போன்ற பாரதூரமானதாக இல்லாவிட்டால், கெட்ட சகவாசத்திலிருந்து பிரிக்கவேண்டிய தேவையோ விடுவிப்பதால் நீதிக்கு இடையூறோ இல்லாவிட்டால், நிலையப் பொறுப்பதிகாரியே பிணையில் விடவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதைக் கேட்கும் பெற்றோர் அரிது. நீங்கள் கேளுங்கள், மரியாதையாகவே கேளுங்கள். பெரியவர்களோடு ஒரே கூண்டில் பிள்ளையை வைக்கக்கூடாது. அதையும் கவனியுங்கள்.

வாக்குமூலம் எடுக்கும்போது தாய் பக்கத்தில் இருக்கட்டும். பொலிஸ் நிலையத்துக்குச் சட்டத்தரணி வரலாம், தடுக்க முடியாது. நம் மாவட்டத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுவது புதுமையல்ல. வாசிக்கத் தெரியாத தாளில் பிள்ளையோ தாயோ கையொப்பம் வைக்காமல், தமிழில் எழுதும்படியோ வாசித்து விளக்கும்படியோ கேளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. ‘நான்தான் எடுத்தேன்’ என்று பயத்தில் பொலிஸாரிடம் சொல்லிவிட்டானே என்று தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். சாதாரண வழக்கில் பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் சான்றாக ஏற்கப்படாது.

கூட இருந்த பெரிய பையன்கள் விடயத்தைச் சட்டத்தரணியிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர்கள் வயது வந்தவர்களாக இருந்து மூவர்மீதும் ஒன்றாகக் குற்றச்சாட்டு வந்தால் வழக்கு சாதாரண நீதிமன்றத்திலேயே நடக்கலாம். சின்னவனை முன்னால் விட்டுப் பெரியவர்கள் பின்னால் நின்ற கதைகளை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்திருந்தால் அது முதல் நாளே பேசப்படவேண்டும்.

நீதவான் முன் போகும் அன்று பொலிஸார் பீ அறிக்கை போடுவார்கள், அதாவது சம்பவத்தையும் விசாரணையையும் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கும் அறிக்கை. தாயோ தகப்பனோ கட்டாயம் பிரசன்னமாகவேண்டும். அடையாள அட்டை, பாடசாலை அதிபரின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, பிணை நிற்க நம்பகமான ஓர் உறவினர் என்று ஆயத்தமாகப் போனால் அன்றே பிணை கிடைக்க வாய்ப்பு அதிகம். பிணை இல்லாவிட்டால் பிள்ளை போகுமிடம் சிறுவர் தடுப்பு இல்லம், பெரியவர்களின் விளக்கமறியல் அல்ல. சட்டத்தரணிக்குப் பணம் இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணமின்றி ஆள் தருவார்கள்.

அதன்பின்தான் சமூக அறிக்கை. நீதவான் கட்டளையிட்டதும் நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார், பாடசாலையில் விசாரிப்பார், அயலில் இரண்டு பேரிடம் பேசுவார். யார் பிள்ளையைப் பார்க்கிறார்கள், வீட்டில் குடி உண்டா, பிள்ளை யாரோடு திரிகிறது, பாடசாலை வரவு எப்படி என்பதெல்லாம் எழுதப்படும். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால் வரவுப் பதிவு மோசமாக இருந்தால் அது முதல் பந்தியிலேயே நிற்கும். இடைவிலகியிருந்தால், அறிக்கை வரும் முன்பே அதிபரைக் கண்டு மீளச் சேர்த்துவிடுங்கள். நடிக்கச் சொல்லவில்லை. உத்தியோகத்தர்கள் நடிப்பை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு வழக்கு நினைவிருக்கிறது. தாய் குவைத்தில், பையன் அம்மம்மாவோடு. அடையாள அட்டையில் இருந்த பழைய முகவரியைப் பொலிஸில் கொடுத்துவிட்டார்கள். உத்தியோகத்தர் போனபோது பூட்டிய வீடு. ‘பொறுப்பான பாதுகாவலர் இல்லை’ என்று அறிக்கை வந்தது. அம்மம்மாவோ ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்ற வாசலில் குந்தியிருந்தவர். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. மறு அறிக்கை வரும்வரை பையன் இல்லத்திலேயே இருந்தான். ஒரு உத்தியோகத்தருக்குப் பார்க்கவேண்டிய வீடுகள் பல. இரண்டாம் முறை வர நாளாகும். தொலைபேசி எண்ணையும் சரியான முகவரியையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கிழக்கு மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தின் தலைமையகம் திருகோணமலையிலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி.

இன்னொன்று, இதைக் கடுமையாகவே சொல்கிறேன். கோபத்தில் சில பெற்றோர் நீதவான் முன்னிலையில் ‘இவனை எங்கேயாவது போடுங்கள் ஐயா, எங்களால் முடியாது’ என்று சொல்லிவிடுவார்கள். அவமானம் பேசவைக்கிறது, புரிகிறது. ஆனால் கட்டுப்படுத்த முடியாத பிள்ளை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்று தனிப் பிரிவுகளே இந்தச் சட்டத்தில் இருக்கின்றன. பெற்றோர் வாயால் வரும் அந்த ஒரு வசனம் அந்தப் பக்கம் கதவைத் திறந்துவிடும். சான்றுபெற்ற பாடசாலைக்கு, அதாவது நீதிமன்றம் அனுப்பும் பிள்ளைகள் தங்கவைக்கப்படும் சீர்திருத்தப் பாடசாலைக்கு, கட்டளை பிறந்தால், தமிழ்ப் பிள்ளைகள் விடயத்தில் காதில் விழும் பெயர் யாழ்ப்பாணத்து அச்சுவேலி. திருகோணமலையிலிருந்து வவுனியா சுற்றி பஸ் மாறிப் போய்ப் பார்த்துவரும் தாய்மாரைக் கேட்டுப்பாருங்கள். வீட்டில் எவ்வளவு கோபம் இருந்தாலும் சரி, நீதிமன்றத்தில் சொல்லவேண்டியது ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பதுதான். எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டால் விபரமாகச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும்.

கடைசியில் என்ன கட்டளை வரலாம்? எச்சரித்து விடுவிக்கலாம். பெற்றோரிடமோ தகுந்த ஓர் ஆளிடமோ ஒப்படைக்கலாம். தண்டப்பணத்தைப் பெற்றோரிடம் அறவிடலாம். நன்னடத்தைக் கட்டளை போடலாம். சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்பலாம். சிறை? அந்த 1939 சட்டம் 14 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிறையை முற்றாகத் தடுத்தது. அதற்கு மேற்பட்ட பையனுக்கும் வேறு எந்த வழியும் பொருந்தாது என்று நீதிமன்றம் கருதினால்தான் அந்தப் பேச்சு. கைத்தொலைபேசித் திருட்டில், முதல் தடவை பிடிபட்ட பிள்ளைக்கு அப்படி நடந்ததை நான் கண்டதில்லை.

பெயர், முகவரி, பாடசாலை, படம் எதையும் வெளியிட ஊடகங்களுக்கு அனுமதியில்லை. முகநூல் செய்திப் பக்கங்கள் கண்ணை மட்டும் கறுப்பால் மறைத்துவிட்டுத் தெருவையும் பாடசாலையையும் எழுதிவிடுகின்றன, என்ன அறிவோ. கண்டால் படம்பிடித்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 எண்ணுக்கும் அழைக்கலாம். உறவுக்காரர்களுக்கும் சொல்லிவையுங்கள், குடும்ப வட்ஸ்அப் குழுவிலிருந்துதான் படம் முதலில் கசிகிறது.

உங்கள் பிள்ளைக்கு வரக்கூடியது நன்னடத்தைக் கட்டளை என்று நினைக்கிறேன். ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை போகும். குறித்த நாட்களில் உத்தியோகத்தரைச் சந்திக்கவேண்டும், பாடசாலைக்கோ தொழிற்பயிற்சிக்கோ போகவேண்டும். நிபந்தனையை மீறினால் வழக்கு மீண்டும் நீதவானிடம் வரும். வழக்கு முடிந்தது என்று நினைத்துப் பிள்ளையைக் கொழும்பில் மாமாவின் கடைக்கு அனுப்பிவிடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அனுப்புவதென்றால் முன்கூட்டியே உத்தியோகத்தரிடம் சொல்லி, புது முகவரியைப் பதிவு செய்தபின் அனுப்புங்கள்.