பல்பு இரைகிறது என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்

குமரி மாவட்டம் முளகுமூடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"எனக்கு வயது 48. வீட்டிலிருந்தே லேஸ் பின்னிக் கொடுக்கிறேன். ஒற்றைத் தலைவலி ரொம்ப நாளாக உண்டு. சவூதியில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் அடித்து நாலு எல்.இ.டி. பேனல் போட்டான். மற்ற அறைகளிலும் எல்.இ.டி.தான். அடுக்களையில் மட்டும் பழைய சி.எஃப்.எல். பேனல் போட்ட நாளிலிருந்து சாயங்காலம் லைட் போட்டாலே கீ என்று ஓர் இரைச்சல். வெட்டம் (வெளிச்சம்) கண்ணில் குத்துகிறது. ராத்திரி பின்னும்போது ஊசியை இழுத்தால் ஒரு ஊசி நாலு ஊசியாகத் தெரிகிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது இரைச்சல் இன்னும் கூடும். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். 'இரைச்சல் பல்புல இல்ல, உனக்க தலைக்குள்ளயாக்கும்' என்கிறார். மருமகளும் ஒன்றும் கேட்கவில்லை என்கிறாள். சி.எஃப்.எல்.லில் ரேடியேஷன் உண்டு என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் குண்டு பல்புக்கே போய்விடலாமா? கரண்ட் பில் ஏறும் என்று மகன் சத்தம் போடுகிறான்."

சகோதரி, இரைச்சல் உங்கள் தலைக்குள் இல்லை. அதற்குச் சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இன்வெர்ட்டருக்கு மாறினால் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் ஓடுவது ஈ.பி. கரண்டா, பேட்டரியா என்று மனப்பிரமைக்கு எப்படித் தெரியும்?

அந்த இன்வெர்ட்டரிலிருந்தே தொடங்குவோம். ஈ.பி. கரண்ட் நொடிக்கு 50 தடவை வளைந்து ஏறி வளைந்து இறங்கும். இதைத்தான் சைன் வேவ் என்பார்கள். விலை குறைந்த இன்வெர்ட்டர்களில் பல ஸ்கொயர் வேவ் ரகம். அதில் மின்னழுத்தம் செங்குத்தாக ஏறும், செங்குத்தாக இறங்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் பல்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டருக்கும் காயிலுக்கும் ஒரு குத்து விழும். அந்தக் குத்துதான் இரைச்சலாகக் கேட்கிறது. இன்வெர்ட்டரில் ஓடும்போது சீலிங் ஃபேனும் சேர்ந்து இரைகிறதா என்று கவனியுங்கள். இரைந்தால் சந்தேகமே வேண்டாம். பெட்டியின் மேலேயே எந்த ரகம் என்று எழுதியிருக்கும். இரண்டு மழையும் பெய்து, காற்றடித்தால் தென்னை மட்டையும் ரப்பர் கொம்பும் கம்பியில் விழுகிற நம் மாவட்டத்தில் இன்வெர்ட்டர் வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல முடியாது. 2017 ஒக்கி புயலில் நாள்கணக்காக இருட்டில் கிடந்தவர்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள். அடுத்த தடவை மாற்றும்போது சைன் வேவ் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் பேட்டரியை மாற்ற வேண்டியதில்லை, பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்.

ஈ.பி. கரண்டிலும் கேட்கிற அந்தக் 'கீ' வேறு. எல்.இ.டி.க்கு 230 வோல்ட்டை அப்படியே கொடுக்க முடியாது. அதைக் குறைத்துச் சீராக்கிக் கொடுக்க ஒரு சின்ன சர்க்யூட் உண்டு. டிரைவர் என்று பெயர். பல்பில் அது அடிப்பாகத்துக்குள்ளேயே இருக்கும். பேனல் லைட்டில் தனிப் பெட்டியாக வயரில் தொங்கும். சீலிங்குக்குள் கைவிட்டால் தட்டுப்படும் வெள்ளைப் பெட்டி அதுதான். (நீங்கள் கையை விட வேண்டாம், வயர்மேன் விடட்டும்.) மட்டமான டிரைவரில் காயிலும் கெப்பாசிட்டரும் மிக நுட்பமாக அதிரும். வெறும் காற்றில் தொங்கினால் அது கேட்காமலே போகலாம். ஆனால் ஃபால்ஸ் சீலிங் பலகை மேல் அந்தப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். வில்லுப்பாட்டில் வில்லைக் குடத்தின் மேல் சாய்த்து வைக்கிறார்களே, அதே கதைதான். பலகை சத்தத்தை வாங்கி ஹால் முழுக்கப் பரப்பும். பெட்டியைப் பலகையில் தொடாமல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். அதிலேயே பாதி அடங்கும். மீதிக்கு டிரைவரை மட்டும் நல்லதாக மாற்றலாம், பேனலைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. அளவில் மட்டும் கவனம் வேண்டும்: பழைய டிரைவரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட், மில்லி ஆம்பியர் இரண்டும் புதியதிலும் பொருந்த வேண்டும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதே நல்லது.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஏன் கேட்கவில்லை? வயது ஏற ஏற முதலில் கைவிட்டுப் போவது மெல்லிய உச்சக் குரல்கள்தான். அதிலும் பஸ் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து சர்வீஸ் முடித்த காது. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது இல்லவே இல்லை. மருமகளுக்குக் கேட்டாலும் கேட்கும், ஆனால் உறுத்தாது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குச் சத்தமும் வெளிச்சமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறும். இது மருத்துவர்கள் நோயின் அடையாளமாகவே கேட்டுக் குறித்துக்கொள்கிற விஷயம், பிடிவாதம் இல்லை.

இனி அந்த நாலு ஊசி. கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான், ஏனென்றால் எந்த மீட்டரும் இல்லாமல் நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நொடிக்கு 50 சுற்று ஓடும் கரண்டில் விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். குண்டு பல்பில் கம்பி பழுத்துக் காய்ந்து எரிவதால், சூடு ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். அதனால் வெளிச்சம் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். எல்.இ.டி.க்குச் சூட்டின் தயவு கிடையாது. கரண்ட் இறங்கினால் அந்தக் கணமே வெளிச்சமும் இறங்கும். நல்ல டிரைவர் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். மட்டமான டிரைவர் அப்படியே விட்டுவிடும். கண்ணால் பார்த்தால் ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும். ஆனால் வெள்ளி ஊசி ஒன்றை வேகமாக இழுக்கும்போது, விளக்கு பிரகாசமாக இருக்கிற ஒவ்வொரு கணமும் ஊசியை ஓரிடத்தில் காட்டும், இடையில் மறைக்கும். நாலு ஊசி தெரிவது அதனால்தான். பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதே வேகத்தில் இழுத்துப் பாருங்கள், ஒரே கோடாக ஓடும்.

கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு தலைக்குத் தெரியும் என்பது பழைய செய்தி. 1989-ல் இங்கிலாந்தில் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழுவினர் ஓர் அலுவலகத்தில் ட்யூப் லைட்டுகளின் சாதாரண சோக்கை எடுத்துவிட்டு, நொடிக்குப் பல்லாயிரம் தடவை இயங்கும் மின்னணுச் சோக்கைப் போட்டுப் பார்த்தார்கள். எந்தச் சோக் எப்போது எரிகிறது என்று அங்கே வேலை செய்தவர்களுக்குச் சொல்லவில்லை. தலைவலியும் கண் வலியும் பாதிக்கும் கீழே இறங்கின. 2015-ல் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பும் எல்.இ.டி.க்கு ஒரு வரம்பு சொன்னது: நொடிக்கு 100 துடிப்பு என்றால் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று. நம் ஊர்க் கடையில் எந்த அட்டைப்பெட்டியிலும் இந்தக் கணக்கைத் தேடாதீர்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்துக்கு மட்டும்தான். ஐந்து நட்சத்திர பல்பும் துடிக்கலாம்.

அதனால் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ எந்த எலக்ட்ரிகல் கடையிலும் பல்பை மாட்டிக் காட்ட ஒரு போர்டு இருக்கும். எரிகிற பல்பை மொபைல் கேமராவில் ஸ்லோ மோஷனில் பிடியுங்கள். வெளிச்சம் படபடத்தால், கறுப்புப் பட்டைகள் ஓடினால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அசையாமல் நின்றால் அது உங்கள் பல்பு. ஊசியைக் கையோடு கொண்டுபோனாலும் சரி, கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். ஒரு நிறுவனத்தின் பல்பு நன்றாக இருந்தது என்பதால் அதே நிறுவனத்தின் வேறு வாட் பல்பும் நன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், உள்ளே சர்க்யூட் வேறாக இருக்கலாம்.

கண்ணில் குத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு 6500 கெல்வின் என்று எழுதிய நீலம் கலந்த வெள்ளைதான் மாட்டுவார்கள். அது அடித்தால்தான் வீடு பளிச்சென்று இருக்கிறதாம். உங்களுக்கு 2700 அல்லது 3000 கெல்வின், அதாவது மஞ்சள் சாய்ந்த வார்ம் ஒயிட் போதும். நாலு பேனலையும் ஒன்றாகப் போடாமல் ஒன்றோ இரண்டோ போடுங்கள். லேஸ் வேலைக்குத் தனியாக ஒரு மேஜை விளக்கு, தோளுக்குப் பின்னாலிருந்து துணி மேல் விழும்படி. பவர் பேங்கில் செருகுகிற யு.எஸ்.பி. விளக்கு இதற்கு அருமையானது. பேட்டரியில் வருவது நேர் மின்சாரம், அதில் 100 துடிப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் பட்டன் உள்ள சில விளக்குகள், குறைக்கும்போது வேகமாக அணைத்து அணைத்து எரிந்துதான் குறைக்கும். அதையும் மொபைலில் பார்த்துவிடுங்கள். படுக்கையறையில் அரை வாட் நைட் லேம்ப் இருந்தால் அதையும்தான்.

அடுக்களை சி.எஃப்.எல்.லுக்கு வருவோம். பக்கத்து வீட்டு அக்கா சொல்வதில் ஒரு நூல் அளவு உண்மை உண்டு. அதிலிருந்து மிகக் கொஞ்சம் புற ஊதாக் கதிர் வரும். லூபஸ் போன்ற நோயால் தோல் வெளிச்சம் தாங்காதவர்களுக்கு அது தொல்லை தரலாம் என்று ஐரோப்பிய அறிவியல் குழு ஒன்று 2008-லேயே சொல்லி, மேலே இன்னொரு கண்ணாடி மூடிய ரகம் நல்லது என்றது. உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை உள்ளே இருக்கும் சில மில்லிகிராம் பாதரசம். உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே நில்லுங்கள். வாரியல் போட்டுப் பெருக்காமல் கெட்டி அட்டையால் வழித்து, தூளை டேப்பில் ஒற்றி எடுங்கள். தென்னந்தோப்பில் சருகோடு போட்டு எரிப்பது மட்டும் கூடவே கூடாது. வயதான சி.எஃப்.எல். தானே இரையவும் மினுங்கவும் செய்யும். அதை மாற்றிவிடுங்கள்.

குண்டு பல்பு? எல்லா அறைக்கும் வேண்டாம், ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்குக் கணக்கைச் சொல்லுங்கள்: 40 வாட் பல்பு தினம் 4 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 9.6 யூனிட். அதே வெளிச்சம் தரும் 5 வாட் எல்.இ.டி.க்கு 1.2 யூனிட். வித்தியாசம் எட்டரை யூனிட்கூட இல்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தில் இதற்காகத் தாயிடம் சண்டை போடுவது அதிகம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 2020 பட்ஜெட்டிலேயே அந்த நவம்பர் முதல் குண்டு பல்பு விற்பனைக்குத் தடை என்று அறிவித்தார்கள். அதனால் நம் பக்கத்துப் பழைய கடைகளில் கேட்டுப் பாருங்கள். தலைவலி தொடங்குகிற ராத்திரிகளுக்கு அது இருக்கட்டும்.

எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மினுங்கல் இருந்தால் அது வேறு வியாதி. ஹோல்டர் பின் தளர்ந்தோ, வயர் இணைப்பு லூசாகியோ இருக்கும். சூடேறித் தீப்பிடிக்கவும் வழி உண்டு. உடனே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கூசுகிறது என்பதற்காக வீட்டுக்குள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளாதீர்கள். கண் இருட்டுக்குப் பழகி, அப்புறம் சாதாரண வெளிச்சமே தாங்காது. நாள் முழுக்கக் காதில் பஞ்சு வைப்பதும் அப்படித்தான், சின்னச் சத்தமும் பெரிதாகிவிடும். கண் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். கண் உலர்வதாலும் கூச்சம் வரும், அது மருந்தில் சரியாகும். திடீரென்று கண் சிவந்து வலித்தாலோ, காய்ச்சலும் கழுத்துப் பிடிப்பும் சேர்ந்து வந்தாலோ பல்பை ஆராய்ந்துகொண்டிருக்காமல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ உடனே போய்விடுங்கள்.

டிரைவருக்குச் செலவு செய்வதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை வைத்துவிடுங்கள். ராத்திரி ஃபேன், டி.வி. எல்லாம் நிறுத்திவிட்டு ஹாலில் உட்காருங்கள். தோர்த்தை நாலாக மடித்துக் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். மருமகள் ஒவ்வொரு தடவையும் பேனல் சுவிட்சை இரண்டு மூன்று தட்டுத் தட்டி, தன் விருப்பப்படி எரியவோ அணையவோ விடட்டும். தட்டுகிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று யாரும் சொல்லக் கூடாதல்லவா? எரிகிறதா இல்லையா என்று காதை மட்டும் வைத்து நீங்கள் சொல்லுங்கள். பத்துத் தடவையும் உங்கள் வீட்டுக்காரர் எழுதி வைக்கட்டும். பத்தில் ஒன்பது சரியாக வந்தால் அந்தக் காகிதத்தைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்புங்கள், நல்ல டிரைவர் நாலு வாங்கப் பணம் அவர் அனுப்பட்டும்.