கோளாறு கடையிலா, கம்பியிலா?

கேள்வி: வேளச்சேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலமானால் நெட் விட்டு விட்டு வருகிறது. இணைப்பு கொடுத்தவரைக் கேட்டால், ‘உங்க சிஸ்டம்லதான் சார் பிரச்சினை’ என்கிறார். என் ஐபி முகவரியைத் தேடிப் பார்த்தால் ஊர் மும்பை என்று காட்டுகிறது. அதனாலா?

பதில்: மும்பையை விடுங்கள். அந்த முகவரி எந்த நிறுவனத்தின் பெயரில், எங்கே பதிவாகியிருக்கிறது என்பதையெல்லாம் வைத்துப் போடும் கணிப்பு அது. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டை, அதாவது கட்டளைகளை அடிக்கும் ஜன்னலைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருப்பது உங்கள் ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. உங்கள் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை. முதலில் ஒயரைப் பாருங்கள்.

முகவரி சரியாக இருந்தால் அடுத்தது பிங் (ping): ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. அதே ஜன்னலில் ping என்று அடித்து, இடைவெளி விட்டு முகவரியை அடிக்க வேண்டும். சும்மா அடித்தால் நான்கு தடவையோடு நின்றுவிடும். விட்டு விட்டு வரும் நெட்டைப் பிடிக்க அது போதாது. முகவரிக்குப் பின் இடைவெளி விட்டு, ஒரு ஹைஃபனும் ‘டி’ (t) எழுத்தும் சேருங்கள், நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றில் ரவுட்டருக்கும், மற்றதில் கூகுளின் சர்வர் முகவரியான 8.8.8.8-க்கும் ஓடவிட்டு, நீங்கள் பாட்டுக்கு ஜெராக்ஸ் போடுங்கள்.

நெட் நின்றதும் திரும்பிப் பாருங்கள். இரண்டிலும் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்தால் கோளாறு கடைக்குள்தான். வைஃபையில் இருந்தால் லேன் ஒயரைச் செருகி மறுபடி பாருங்கள். மேலே அடுக்குமாடி என்றால், சாயங்காலம் அத்தனை வீட்டு வைஃபையும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும். ரவுட்டர் ஓரிரு மில்லிசெகண்டில் பதில் சொல்லிக்கொண்டிருக்க, 8.8.8.8 மட்டும் நின்றால், சந்தேகம் ரவுட்டருக்கு வெளியே போகிறது. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு அப்போது சிவப்பாக எரிகிறதா? எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. நம் தெருக்களில் மரத்திலும் கம்பத்திலும் தொங்கும் ஃபைபரைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இரண்டும் ஓடியும் தளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால் டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவையை, மாற்றிப் பாருங்கள்.

கன்ட்ரோல், சி அழுத்தினால் பிங் நின்று, எத்தனை சதவீதம் தொலைந்தது என்று காட்டும். இரண்டு ஜன்னலும் தெரிய ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நேரத்தையும் குறிப்பிட்டு, இணைப்பு கொடுத்தவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ‘உங்க சிஸ்டம்’ என்று மறுபடி சொல்வது அவருக்குக் கஷ்டம்.