நாமக்கோழியும் கீழ்க்கட்டளைத் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் என் மகளையும் (ஆறாம் வகுப்பு) தம்பி பிள்ளைகள் இரண்டு பேரையும் ரேடியல் ரோட்டில் இருக்கும் சதுப்புநிலப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டு வேலை முடித்துக் கிளம்பிப் போய்ச் சேர மணி பத்தரை ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கலாம் என்று ஆசை காட்டிக் கூட்டிப் போயிருந்தேன். ஒன்றுகூட இல்லை. தூரத்தில் கறுப்பாகக் கோழி மாதிரி ஐம்பது அறுபது மிதந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். வெயில், லாரிச் சத்தம், காற்று திரும்பினால் நாற்றம். அரைமணி நேரத்தில் பிள்ளைகள் 'போலாம் போலாம்' என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

மகள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, இது ஏரியா, இல்ல வெள்ளமா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு பக்கம் குப்பைமேடு, இன்னொரு பக்கம் மாடிக் கட்டடங்கள், ஓரத்தில் ஒரு நடைபாதை. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டுமா? பேசாமல் வேடந்தாங்கலுக்கே போயிருக்கலாமோ என்று தோன்றியது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோமதி, கீழ்க்கட்டளை

அன்புள்ள கோமதி,

தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. பூநாரையைப் பற்றி அவ்வளவு எழுதிய நான், எப்போது போக வேண்டும் என்று எழுதாமல் விட்டேன். அது என் தப்பு. பிள்ளைகளிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் மகளின் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பதில், இரண்டும்தான். ஐப்பசி, கார்த்திகையில் அது வெள்ளம். தை, மாசியில் ஏரி மாதிரி இருக்கும். வெயில் ஏறிய பிறகு பல இடங்களில் சேறு, அப்புறம் மாடு மேயும் தரை. இப்படி ஏறி இறங்கும் நிலத்துக்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: கழுவெளி. பள்ளிக்கரணையைப் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். மரக்காணம் பக்கம் இருக்கும் பெரிய நீர்ப்பரப்புக்கு அந்தச் சொல்லே பெயராக நின்றுவிட்டது. மகளுக்கு இந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். சதுப்புநிலம் என்பது பாடப்புத்தகத்தில் வந்துவிடும், கழுவெளி வராது.

நீங்கள் இருப்பது கீழ்க்கட்டளை என்று பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். ஏனென்றால் நீங்கள் அன்றைக்குப் பார்த்த தண்ணீரில் ஒரு பங்கு உங்கள் ஊர்த் தண்ணீர். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் கலங்கல் வழிந்து நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் பள்ளிக்கரணைக்கு. இதேபோல ஆதம்பாக்கம், வேளச்சேரி என்று தென்சென்னை ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி அங்கேதான் வந்து சேர்கின்றன. கிட்டத்தட்ட 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்கிற மழைக்கு வடிகால் அது. அவ்வளவு தண்ணீரும் அங்கே தங்கி, நிதானமாக ஒக்கியம் மடுவு என்கிற வாய்க்கால் வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே முட்டுக்காட்டில் கடலைத் தொடுகிறது. வருகிற வழி ஏகப்பட்டது, போகிற வழி அந்த ஒன்றுதான். அதனால்தான் தண்ணீர் நிற்க இடம் வேண்டியிருக்கிறது. உங்கள் மொட்டைமாடியில் கார்த்திகையில் விழுந்த மழையில் கொஞ்சம், ஏரி ஏரியாகக் கடந்து வந்து, நீங்கள் நின்ற நடைபாதைக்குக் கீழே இருந்திருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2015 டிசம்பரில் மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்து நாலு நாள் கழித்து, பாயும் மெத்தையும் மாடிச் சுவரில் காய்ந்துகொண்டிருக்க, நான் நடந்தே போய் அந்தச் சாலையோரத்தில் நின்றேன். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த இடம் என்று கணக்குகள் சொல்கின்றன. இப்போது அவ்வளவு இல்லை. மீதி எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். நானும் அதன் ஓரத்தில்தான் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். நான் நின்ற ரேடியல் ரோடே அதை இரண்டாக வெட்டித்தான் போகிறது. அன்றைக்குத்தான் அந்த இடத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

சரி, பறவைக்கு வருகிறேன். நீங்கள் போனது டிசம்பர் கடைசி. மழை முடிந்து தண்ணீர் தளும்பி நிற்கும் நேரம். பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் 'தண்ணீர் நிறைய இருந்தால் பறவையும் நிறைய இருக்கும்' என்றுதான் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நீர்ப்பறவைகளில் நிறையப் பறவைகள் நீந்துகிறவை இல்லை, நிற்கிறவை. சேற்றில் கால் ஊன்றி, குனிந்து, எட்டுகிற ஆழத்தில் இரை எடுக்கிறவை. பவளக்காலியைப் பார்த்திருப்பீர்கள், ரோஜா நிறத்தில் குச்சி குச்சியான கால். அதற்கு ஒரு சாண் தண்ணீர் போதும், அதற்கு மேல் சிரமம். பொறி உள்ளான் என்கிற சின்னப் பறவைக்கு நாலு விரல்கடை. பூநாரைக்கு நம் முழங்கால் ஆழம் வரை சரி. தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து அரிக்கும் பறவை அது. இடுப்பளவு நிற்கும் இடத்தில் வந்து என்ன செய்யும்? தண்ணீர் இறங்க இறங்க, மீனும் புழுவும் நத்தையும் குறைந்த இடத்தில் அடைசலாகும். அப்போதுதான் இவை கூட்டமாக இறங்கும்.

இதையே திருப்பிப் போட்டால் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு கிடைக்கும். எந்தப் பறவை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் அந்த இடத்தின் ஆழத்தைச் சொல்லிவிடலாம். பவளக்காலியின் தொடைவரை நனைந்திருந்தால் ஒரு சாண். உள்ளான் ஓடுகிற இடம் வெறும் ஈரம். சாம்பல் நாரை அசையாமல் நிற்கிற இடம் அதைவிட ஆழம். மிதக்கிறவை மட்டுமே இருந்தால், ஆள் இறங்கக் கூடாத ஆழம். என் அக்கா பேரன் இந்த விளையாட்டை ஒரு காலை முழுக்க விளையாடினான்.

உங்கள் 'கறுப்புக் கோழி'களை நான் விடப்போவதில்லை. அவை நாமக்கோழிகள். தமிழில் இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்த பறவை குறைவு. உடம்பு முழுக்கக் கரிக்கறுப்பு, அலகு வெள்ளை, அலகின் வெள்ளை அப்படியே நெற்றிக்கு ஏறி நாமம் போட்ட மாதிரி முடியும். கண் சிவப்பு. வெறும் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது, கறுப்புப் புள்ளிதான் தெரியும். இரவலாகவாவது ஒரு பைனாகுலர் வாங்கிக்கொண்டு போங்கள். காலைப் பார்க்க முடிந்தால் இன்னும் ஆச்சரியம். வாத்து மாதிரி விரல்களை இணைத்த தோல் கிடையாது, ஒவ்வொரு விரலிலும் தனித்தனி இதழ்கள் இருக்கும். உடனே எழும்பிப் பறக்க வராது. தண்ணீர்மேல் தடதடவென்று கொஞ்ச தூரம் ஓடி அப்புறம்தான் மேலேறும். அறுபது நாமக்கோழி ஒரே நேரத்தில் அப்படி ஓடுகிற சத்தம் லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். உங்கள் பிள்ளைகள் அரைமணிக்குப் பதில் ஒருமணி நேரம் இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

போன வருஷம் மாசியில் நான் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணி இருக்கும். பாதையிலிருந்து பத்தடியில், சம்புக்கோரை வளர்ந்த ஓரத்தில் ஒரு நத்தை குத்தி நாரை. அதன் அலகு இரண்டும் நடுவில் ஒட்டாது, பாக்குவெட்டி மாதிரி இடைவெளி விட்டு நிற்கும். தலையைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணால் பார்க்காமலே, அலகால் துழாவிக்கொண்டே வந்தது. ஒரு நத்தை மாட்டியது. கடித்து உடைக்கும் என்று நினைத்தேன். உடைக்கவில்லை. ஓட்டை மேலலகால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழலகின் நுனியை உள்ளே நுழைத்து, ஏதோ பூட்டைத் திறக்கிற மாதிரி அசைத்தது. பத்துப் பதினைந்து வினாடி. தலையை ஒரு உதறு உதறியது. சதை மட்டும் வெளியே வந்தது, விழுங்கிவிட்டு அடுத்ததைத் தேடப் போய்விட்டது. ஓடு முழுசாக அங்கேயே கிடந்தது. அதன் பிறகு ஓரமெல்லாம் பார்த்தால் காலி ஓடுகள், ஏறக்குறைய எல்லாமே உடையாதவை. அத்தனை நாளும் அவற்றைக் குப்பை என்று நினைத்துக் கடந்திருக்கிறேன்.

நாற்றத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அங்கே இரண்டு நாற்றம் உண்டு, பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று சேற்று வாடை. காற்றுப் புகாத சேற்றில் இலையும் கோரையும் மக்கும்போது அழுகிய முட்டை மாதிரி வரும். எந்தக் கழுவெளியிலும் அது இருக்கும், இருக்கவும் வேண்டும். அந்த மக்கலில்தான் புழு, புழுவை நம்பித்தான் உள்ளான். இன்னொன்று பெருங்குடி குப்பைமேட்டின் நாற்றமும் கழிவுநீர் நாற்றமும். அது நாம் கொண்டுபோய்க் கொட்டியது. பல வருஷக் குப்பையைத் தோண்டிப் பிரித்து எடுக்கும் வேலை நடந்து மேடு குறைந்திருக்கிறது, ஆனால் மண்ணுக்குள் இறங்கிய சாறு அவ்வளவு சீக்கிரம் போகாது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கட்டாயம் காட்டுங்கள். நம் வீட்டுக் கூடையிலிருந்து லாரியில் ஏறியது போய்ச் சேர்ந்த இடம் அது. தண்ணீரும் நம் வீட்டிலிருந்து போனது, குப்பையும் நம் வீட்டிலிருந்து போனது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும். நமக்குத்தான் சொல்லச் சங்கடமாக இருக்கிறது.

வேடந்தாங்கலுக்கும் போங்கள், அருமையான இடம். ஆனால் அது வேறு. அங்கே தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பள்ளிக்கரணைக்குப் பெரும்பாலும் இரைதேடி வருகின்றன. வடக்கேயிருந்து வருகிற ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே இறங்குகின்றன. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேருக்கு ராம்சார் அங்கீகாரம் (சதுப்புநிலங்களைக் காப்பதற்கான உலக ஒப்பந்தத்தின் அங்கீகாரம்) கிடைத்தது. கரிக்கிலியும் பிச்சாவரமும் அதே வருஷம் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. பெருநகரத்துக்குள் இப்படி ஒரு இடம் தப்பியிருப்பதே பெரிய விஷயம். அங்கே போய்வர உங்களுக்கு ஒரு நாள் லீவு தேவையில்லை என்பதை நான் அதன் பெருமையாகவே நினைக்கிறேன். நாலு மாதத்தில் நாலு தடவை போகலாம். கழுவெளியை ஒரே தடவை போய்ப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும்.

அடுத்த முறை மாசி பிறந்ததும் போங்கள். வாசல் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று முன்னாடியே விசாரித்துக்கொண்டு, திறந்ததும் உள்ளே இருங்கள். பத்தரை மணிக்குப் பறவைக்கும் வெயில்தான், ஒதுங்கிவிடும். பாதை முழுக்க நடந்து முடிக்க வேண்டும் என்றும் இல்லை. சம்பும் திறந்த தண்ணீரும் சேரும் ஓர் இடமாகப் பார்த்து இருபது நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தாலே போதும், முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் வராது, அப்புறம் நீலத் தாழைக்கோழி ஒன்று வெளியே வரும், வந்தால் கூடவே இன்னும் நாலு வரும். பிஸ்கட், பொரி எதுவும் போடவிடாதீர்கள். பாதையை விட்டுப் பிள்ளைகள் புல்லுக்குள் இறங்கவே கூடாது, கண்ணாடி விரியன் உள்ள இடம். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பெரும்பாக்கம் பக்கம் சாலையோரத்திலிருந்தும் நன்றாகப் பார்க்கலாம், அங்கே நிழல் இல்லை, தொப்பி வேண்டும்.

டிசம்பரில் போனபோது எடுத்த போட்டோ ஏதாவது செல்போனில் இருக்கும். அழித்துவிடாதீர்கள். அதே இடத்தில் மகளை நிற்கவைத்து, அன்றைக்குத் தண்ணீர் எதுவரை இருந்தது, இன்றைக்கு எதுவரை இருக்கிறது என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஏரியா வெள்ளமா என்று அவள் என்ன முடிவுக்கு வருகிறாள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

பூநாரைக்கு இந்தமுறை நான் வாக்குத் தரமாட்டேன். நாமக்கோழி இருக்கும்.