ஏழு நாள், ஒரே ரயில் பாதை: பர்கண்டியிலிருந்து லியோன் வரை ஒயினும் சாப்பாடும்

கேள்வி: ஜூன் மாதம் நானும் கணவரும் பிரான்ஸுக்குப் போகிறோம். புதன்கிழமை காலை பாரிஸில் இறங்கி, அடுத்த புதன் இரவு திரும்புகிறோம். ஊர் சுற்றிப் பார்ப்பதைவிட அந்தந்த வட்டாரத்து ஒயினையும் சாப்பாட்டையும் அனுபவிக்கத்தான் ஆசை. ஷாம்பெயின், போர்தோ, பர்கண்டி, பிரொவான்ஸ் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். கார் எடுக்கலாமா? கணவர் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தொடமாட்டார். நான் எல்லாம் சாப்பிடுவேன். ஒயின் விஷயத்தில் இருவருமே புதியவர்கள்.

பதில்: முதல் வேலையாக அந்தப் பட்டியலில் பர்கண்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அடித்துவிடுங்கள். போர்தோவிலிருந்து பர்கண்டிக்கு நேர் ரயில் கிடையாது; பாரிஸ் வழியாகவோ லியோன் வழியாகவோ சுற்றிவந்தால் ஒரு பகல் போய்விடும். நான்கு வட்டாரம் பார்க்கப் போனால் ஏழு நாளில் மூன்று நாள் பெட்டியும் கையுமாக ரயில் நிலையத்தில்தான் கழியும். அதற்குப் பதில் டிஜோன், போன், லியோன் என்று ஒரே ரயில் பாதையில் இருக்கும் மூன்று ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸிலிருந்து டிஜோனுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். டிஜோனிலிருந்து போன் இருபது நிமிடச் சொச்சம். போனிலிருந்து லியோன் இரண்டு மணி நேரத்துக்குள். டிஜோனில் இரண்டு இரவு, போனில் மூன்று, லியோனில் இரண்டு.

கார் வேண்டாம். பிரான்ஸில் ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் ஆல்கஹால்தான் உச்சவரம்பு. ஒரு நிலவறையில் எட்டு ஒயின் ருசித்தால், ஒவ்வொன்றும் 4 சென்டிலிட்டர் என்று வைத்தாலும் மொத்தம் 32 சென்டிலிட்டர். கிட்டத்தட்ட அரை பாட்டில். ஓட்டுபவர் ஒவ்வொரு வாயையும் துப்பியே ஆகவேண்டும், இன்னொருவர் மட்டும் குடிப்பார். தேனிலவாக இருந்தாலும் இரண்டாம் நாளே மனக்கசப்பு வந்துவிடும். ரயில், சைக்கிள், ஒரே ஒரு அரைநாள் மட்டும் ஓட்டுநருடன் வழிகாட்டி வேன், இதுவே போதும்.

இந்தப் பயணம் கெடுவதென்றால் பெரும்பாலும் கிழமையால்தான் கெடும். பர்கண்டியிலும் லியோனிலும் ஞாயிறு இரவும் திங்களும் நல்ல உணவகங்களில் பாதிக்கு மேல் மூடியிருக்கும். சிறு ஒயின் பண்ணைகள் ஞாயிறன்று யாரையும் சந்திப்பதில்லை. மதியச் சாப்பாடு 12 மணிக்குத் தொடங்கும். ஒன்றரைக்குப் பிறகு போய் நின்றால் அடுப்பு அணைந்திருக்கும். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முன் கிடையாது. நீங்கள் புதன்கிழமை இறங்குவது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். சந்தை நாட்களெல்லாம் தானாகவே சரியான ஊரில் வந்து விழுகின்றன.

புதன்: விமானம் இறங்கும் நேரத்துக்கும் டிஜோன் ரயிலுக்கும் நடுவே குறைந்தது மூன்றரை மணி நேரம் விடுங்கள். குடிநுழைவு வரிசை, பெட்டி, அதன்பிறகு நகர ரயிலில் லியோன் நிலையம் (பாரிஸில் இருக்கும் நிலையத்தின் பெயரே அது) என்று நேரம் கரையும். அன்று மாலை டிஜோனில் ஒரு கிண்ணம் 'கிர்' மட்டும் போதும். அலிகோத்தே என்ற புளிப்பான வெள்ளை ஒயினில் பிளாக்கரன்ட் என்ற கறுப்புச் சிறுபழத்தின் இனிப்பு மது (காசிஸ்) கொஞ்சம் ஊற்றுவார்கள். 1945 முதல் 1968 வரை டிஜோன் மேயராக இருந்த ஃபெலிக்ஸ் கிர் பெயரால் வழங்குவது. நான்கு பங்கு ஒயினுக்கு ஒரு பங்கு காசிஸுக்கு மேல் போனால் சிரப் குடிப்பதுபோல் இருக்கும்.

வியாழன் காலை டிஜோனின் இரும்புக்கூரைச் சந்தை. அது செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி காலைகளில்தான் நடக்கும். கடுகு வாங்கினால் லேபிளைப் படியுங்கள். 'டிஜோன் கடுகு' என்பது ஒரு செய்முறையின் பெயர்; உலகில் எங்கு அரைத்தாலும் அப்படி எழுதிக்கொள்ளலாம். 'மூத்தார்த் த பூர்கோஞ்' (பர்கண்டிக் கடுகு) என்று இருந்தால்தான் கடுகும் வெள்ளை ஒயினும் அந்த மண்ணிலேயே விளைந்தவை.

அன்று மதியமே அந்த வழிகாட்டி வேனை வைத்துக்கொள்ளுங்கள். டிஜோனுக்குத் தெற்கே சிவப்பு ஒயினுக்குப் பேர்போன கோத் த நுய் சரிவு இருக்கிறது. இங்கே ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் மீதி நாட்களில் எந்த ஒயின் பட்டியலும் உங்களை மிரட்டாது.

பர்கண்டியில் சிவப்பு என்றால் பினோ நுவார், வெள்ளை என்றால் ஷார்டனே. ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டு கொடிகள்தான். பிறகு ஏன் ஒரு பாட்டில் 15 யூரோவுக்கும் இன்னொன்று 500 யூரோவுக்கும் விற்கிறது? சாலையில் நின்று மேற்கே பாருங்கள். காலடியில், சாலையோரச் சமதளத்தில் களிமண் ஆழமாக இருக்கும், தண்ணீர் தேங்கும். பழம் நிறைய காய்க்கும், சாறு நீர்த்திருக்கும். சரிவின் நடுவயிற்றில் சுண்ணாம்புக்கல்லின் மேல் மண் மெல்லிசாக இருக்கும், நீர் வடிந்துவிடும், கிழக்கு வெயில் காலையிலேயே விழும். கிராண் க்ரு என்ற உச்சத் தரம் அங்கேதான். அதற்கு மேலும் பக்கத்திலும் பிரெமியே க்ரு. கீழே வர வர ஊர்ப்பெயர் ஒயின். சாலைக்குக் கிழக்குப் பக்கம் பெரும்பாலும் வெறும் 'பூர்கோஞ்'. தரத்தில் மேலிருந்து கீழாக இந்த நான்கு படிதான் லேபிள் முழுவதும். இந்த நிலத்துண்டுகளை 'கிளிமா' என்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

லேபிளில் ஒரு குழி இருக்கிறது. 'ஷாம்பெர்த்தான்' என்பது கிராண் க்ரு நிலம். அதன் புகழில் பங்கு கேட்டு ஜெவ்ரே என்ற ஊர் 1847இல் தன் பெயரை 'ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான்' என்று நீட்டிக்கொண்டது. ஆகவே அந்த நீண்ட பெயர் மட்டும் இருந்தால் அது ஊர் ஒயின்தான். புலின்யி, ஷசாஞ் இரண்டும் மோன்ராஷே என்ற நிலத்தின் பெயரை இப்படித்தான் ஒட்டிக்கொண்டன. ஆனால் 'ஷார்ம்-ஷாம்பெர்த்தான்' போலச் சில கிராண் க்ருக்களுக்கும் இரட்டைப் பெயர் உண்டு. அதனால் பெயரின் நீளத்தை நம்பாமல், அடியில் சின்ன எழுத்தில் 'கிராண் க்ரு' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். இன்னொன்று, நிலத்தின் பெயர் மட்டும் தரத்தைச் சொல்லிவிடாது. குளோ த வூழோ என்ற மதில் சூழ்ந்த தோட்டம் சுமார் 50 ஹெக்டேர், முழுக்கக் கிராண் க்ரு. ஆனால் அது சுமார் 80 பேருக்குச் சொந்தம். மேல்கோடியில் இருப்பவரும் சாலையோரத்தில் இருப்பவரும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். நிலத்தைவிட உற்பத்தியாளர் பெயரை நினைவில் வையுங்கள். கைதேர்ந்தவரின் வெறும் 'பூர்கோஞ்', சோம்பேறியின் ஊர் ஒயினைவிட நன்றாக இருக்கும், விலையும் பாதி.

பண்ணை சந்திப்புக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். எத்தனை பேர், எந்த நாள், இரண்டு மாற்று நேரம், பிரெஞ்சு தெரியாது, ஒயினுக்குப் புதியவர்கள், சில பாட்டில் வாங்க எண்ணம். இவ்வளவும் நான்கு வரியில் போதும். புகழ்பெற்ற பெயர்களுக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்; அவர்கள் சரக்கு முழுவதும் ஆண்டுக்கணக்கில் முன்பே ஒதுக்கப்பட்டது. ஐந்து பேருக்கு எழுதினால் இரண்டு பதில் வரும் என்று கணக்கு வையுங்கள். ஒரு நாளுக்கு இரண்டு சந்திப்புக்கு மேல் வேண்டாம், மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும்.

நிலவறை ஜூனிலும் 12 டிகிரி வாக்கில்தான் இருக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். சென்ட் பூசாதீர்கள், தலையில் மல்லிகையும் வேண்டாம். ஒயினின் வாசனை அடிபட்டுப் போகும். பர்கண்டியில் பல பண்ணைகளில் சிவப்பை முதலில் ஊற்றி வெள்ளையைப் பிறகு தருவார்கள். குழம்ப வேண்டாம், அவர்கள் வழக்கம் அது. ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுவதும் உருட்டி, வாளியில் துப்புங்கள். துப்புவது அங்கே மரியாதைக்குறைவே இல்லை. கிளம்பும்போது ஒன்றிரண்டு பாட்டிலாவது வாங்குவதுதான் முறை, கட்டணம் வாங்கும் இடம் தவிர.

வெள்ளி காலை போனுக்கு ரயில். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு, மதியம் நாலைந்து கிலோமீட்டரில் இருக்கும் பொம்மார் அல்லது வோல்னேயில் ஒரு சந்திப்பு. இரண்டும் அடுத்தடுத்த ஊர். இரண்டிலும் பினோ நுவார்தான். பொம்மார் வாயில் இறுகப் பிடிக்கும், வோல்னே மெல்ல வழுக்கும். அருகருகே ருசித்தால் முந்தின நாள் சரிவில் பார்த்தது வாய்க்கே புரியும்.

சனி காலை போன் சந்தை. 1443இல் நிக்கோலா ரோலான் நிறுவிய பழைய தரும மருத்துவமனைக்குப் பக்கத்துச் சதுக்கத்திலேயே கூடும். சந்தை முடிந்ததும் வண்ண ஓட்டுக்கூரையைப் பார்த்துவிடலாம். ஆனால் சந்தையில் வாங்கவேண்டியது ஞாயிறு இரவுக்கும் சேர்த்து: கோம்த்தே சீஸ் 200 கிராம், எப்புவாஸ் ஒன்று, ரொட்டி, கூஜேர் எனப்படும், சீஸ் சேர்த்து அடுப்பில் சுட்ட உப்பலான உருண்டை நாலைந்து, செர்ரிப் பழம். எப்புவாஸ் 250 கிராம் மரப்பெட்டியில் வரும். திராட்சைச் சக்கையில் வடித்த சாராயம் கலந்த நீரால் கழுவிக் கழுவி முதிர வைத்தது. ஆரஞ்சு நிறத் தோல், உள்ளே ஸ்பூனால் அள்ளும் பதம். நாற்றம் அறையையே நிறைக்கும், சுவையோ அதற்கு நேர்மாறாக இதமானது. இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள்.

ஞாயிறு சைக்கிளுக்கு. போனிலிருந்து பொம்மார், வோல்னே, மெர்சோ வழியாகப் புலின்யி வரை திராட்சைத் தோட்டங்களுக்குள்ளேயே சைக்கிள் பாதை. போக சுமார் 12 கிலோமீட்டர். சாதாரண சைக்கிள் அல்ல, மின்சைக்கிள் எடுங்கள். சின்னச் சின்ன ஏற்றம் நிறைய. வழியில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு அவசியம். ஆல்கஹால் வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும்.

திங்கள் பகலில் லியோன். அன்று இரவு திறந்திருக்கும் உணவகத்தை ஊரிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள். செவ்வாய் காலை சோன் ஆற்றங்கரைச் சந்தை அல்லது புகழ்பெற்ற சமையல் கலைஞர் போல் பொக்கூஸ் பெயரில் இருக்கும் உணவுச் சந்தைக் கட்டடம்; இரண்டும் திங்களன்று விடுமுறை. மதியம் 'பூஷோன்' எனப்படும் பழைய பாணி லியோன் சாப்பாட்டுக் கடை. ஒயினை 46 சென்டிலிட்டர் தடித்த அடி பாட்டிலில் தருவார்கள். இருவருக்கு ஒன்று சரி. செலவு செய்வதாக இருந்தால் இரவைவிட மதியத்தில் செய்யுங்கள். அதே சமையலறை, மதிய மெனு 20, 25 யூரோவில் முடியும். தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது.

இனி கணவரின் சாப்பாடு. மெனுவில் கோழி, முட்டை என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பினால் ஏமாறுவார். சிவப்பு ஒயின் குழம்பில் வேகும் முட்டையிலும் (எஃப் ஆன் மெரெத்), சேவல் குழம்பிலும் (கோக் ஓ வான்), லியோன் சாலட்டிலும் 'லார்தோன்' எனப்படும் பன்றிக்கொழுப்புத் துண்டு இருக்கும். பார்வைக்குத் தெரியாதது இன்னும் சிக்கல்: பழுப்பு நிறக் குழம்புகளில் கன்றுக்குட்டி எலும்பு ரசம், 'ஃபோன் த வோ', சேர்ப்பது வழக்கம். பொதுவிதியாக, பழுப்புக் குழம்பைத் தவிர்த்து வெள்ளைக் குழம்பு பக்கம் போங்கள். டிஜோனில் கடுகு, கோம்த்தே, க்ரீம் சேர்ந்த கோழி, 'கஸ்தோன் ஜெரார்' என்று மெனுவில் இருக்கும். பிரெஸ் கோழி க்ரீமுடன் வந்தால் விடவே வேண்டாம். 1957 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற இனம். பூண்டு வெண்ணெய் நத்தைக்கும் தடையில்லை. லியோனில் மீன் கெனெல் (அரைத்த மீனில் செய்யும் மெத்தென்ற கொழுக்கட்டை). பழைய செய்முறையில் மாட்டுக் கொழுப்பு சேரும், இன்று பல கடைகளில் வெண்ணெய்தான், ஆனாலும் கேட்டுவிடுங்கள். கேட்கும் வாக்கியம்: 'ஸான் போர், ஸான் பெஃப், ஸான் வோ' (பன்றி இல்லாமல், மாடு இல்லாமல், கன்று இல்லாமல்). கன்றை மாடு என்ற சொல்லுக்குள் அங்கே யாரும் சேர்ப்பதில்லை. மூன்றையும் தனித்தனியாகச் சொல்லவேண்டும். முன்பதிவிலேயே எழுதிவிட்டால் சமையல்காரர் மாற்றித் தருவார்; மேஜையில் உட்கார்ந்தபின் கேட்டால் குழம்பு ஏற்கெனவே கொதித்திருக்கும்.

இந்தியாவுக்குத் திரும்புவதாக இருந்தால் தலைக்கு 2 லிட்டர் மதுதான் வரியில்லாமல். 75 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டு, அரைப்பாட்டில் ஒன்று; அதற்குமேல் வாங்கினால் சுங்கத்தில் சொல்லி வரி கட்டவேண்டும். ஒரு பாட்டில் ஒன்றேகால், ஒன்றரை கிலோ கனக்கும். எடைக் கணக்கில் இப்போதே சேருங்கள். எல்லாம் செக்-இன் பெட்டியில், துணி சுற்றி நடுவில். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி வரித்திருப்பப் படிவம் கேளுங்கள். புதன்கிழமை லியோனிலிருந்து பாரிஸ் விமான நிலையத்துக்கு நேர் ரயில் உண்டு, சுமார் இரண்டு மணி நேரம். அங்கே பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் சுங்கத் துறையின் 'பாப்லோ' இயந்திரத்தில் அந்தப் படிவத்தை ஸ்கேன் செய்யுங்கள். பொருளைக் காட்டச் சொல்லும் உரிமை சுங்க அதிகாரிக்கு உண்டு; பெட்டி போய்விட்ட பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.